கூத்தைப் பார்த்த மாணவர்களின் குழு ஆக்கம் கதைச்சுருக்கமாகவே முடிந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: நாடக ஆசிரியை, திருகோணமலை

தரம் 10 மாணவர்களுக்கு நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். சென்ற மாதம் 28 பேரையும் இராவணன் கதையை வைத்து ஆடப்பட்ட வடமோடிக் கூத்தொன்றுக்கு (ஈழத்து மரபுக் கூத்து வகைகளில் ஒன்று) அழைத்துச் சென்றேன். பின்னர் ஏழு பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரித்து, பார்த்த ஆற்றுகைக்குத் துலங்கலாக விரும்பிய கலைவடிவில் ஓர் ஆக்கம் செய்யுமாறு கேட்டேன். மூன்று குழுக்கள் கதையைச் சுருக்கி நடித்தன. நான்காவது குழு பத்துத் தலை இராவணனை வரைந்தது. அதையும் சித்திரம் கற்கும் ஒரு பிள்ளையே வரைய, மற்ற ஆறு பேரும் வர்ணக் குப்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவர்கள் கூத்தைப் பார்த்தார்கள் என்பதற்கு எந்த ஆக்கத்திலும் அடையாளமில்லை. அடுத்த தடவை எங்கிருந்து தொடங்குவது? இரண்டு பாடவேளைகளே ஒதுக்க முடியும்.

பதில் 1: அரங்கப் பயிற்சியாளர், மட்டக்களப்பு

வணக்கம் ரீச்சர். 'ஓர் ஆக்கம் செய்யுங்கள்' என்றால் பிள்ளைகளின் கைக்கு முதலில் அகப்படுவது கதைதான். ஆகவே ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்னரே, மனதில் நின்ற ஒரே ஒன்றை, அது ஓசையாகவோ அசைவாகவோ நிறமாகவோ இருக்கட்டும், ஒவ்வொருவரையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை கிரீடத்தின் மினுக்கத்தை எழுதும். இன்னொன்று வரவு (பாத்திரம் முதலில் களரிக்கு வரும்போது ஆடும் ஆட்டம்) ஆடி முடித்த அரசனுக்கு மூச்சு வாங்கியதை எழுதும். ஒன்றோடொன்று முரண்படும் அத்தகைய இரண்டு வரிகளைக் குழு தெரிவுசெய்து, வசனமில்லாமல் மூன்று உறைநிலைக் காட்சிகளாக (அசையாமல் சிலைபோல் நிற்கும் காட்சிகள்) அமைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வாயாலும் கையாலும் எழுப்பும் ஓசையோடு மாறட்டும். முதலாவது பாடவேளைக்கு இது போதும். பாட்டா, ஓவியமா, நடிப்பா என்பதைக் கடைசியில் தீர்மானிக்கலாம்.

பதில் 2: கூத்துக் குடும்பத்தவர்

ஓர் எச்சரிக்கை. எங்கள் பக்கத்தில் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் சட்டம் கொடுத்து (ஒவ்வொருவருக்கும் உரிய பாத்திரத்தின் பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கொடுத்து), மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை கட்டி, அடுக்கு என்னும் ஒத்திகை பார்த்த பின்னரே கூத்து அரங்கேறும். அரைகுறையாகப் பார்த்த ஆட்டத்தை வகுப்பில் போலி செய்தால் அது கேலியாகிவிடும். சிரிப்பும் வரும், மரியாதையும் போகும். அதற்காகப் பிள்ளைகள் கூத்தைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடப்படும் கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது ஆடியவர்களும் மாணவர்களே. ஆனால் அவர்கள் அண்ணாவிமாரிடம் பழகிய பின்னர் ஆடினார்கள். உங்கள் மாணவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு, கூத்து ஆடப்படும் வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியை எடுத்துக்கொள்ளலாமே! நாற்புறமும் ஆட்கள் அமர்ந்திருக்க, யாருக்கும் முதுகு காட்டாமல் ஒரு காட்சியை அமைப்பது எவ்வளவு கடினம் என்பதைச் செய்து பார்த்தாலே கூத்தனின் வேலை விளங்கும்.

பதில் 3: சித்திர ஆசிரியர், திருகோணமலை

இந்தக் கதை நமது ஊருக்கு அயலானதல்ல. கோணேசர் கோயிலுக்குப் போகும் பிள்ளைகள் இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லப்படும் பாறைப் பிளவான இராவணன் வெட்டை எட்டிப் பார்த்திருப்பார்கள். தாயின் இறுதிக் கிரியைக்காக இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் கன்னியா வெந்நீரூற்றில் குளித்திருப்பார்கள். அங்கே கிணறுகள் ஏழு, உங்கள் குழுவிலும் ஏழு பேர். ஒவ்வொருவரும் ஒரு கிணறாக நின்று, போர்க்களத்தில் கண்ட அரசனுக்கும் தாயை இழந்த மகனுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு வரியிலோ ஓர் அசைவிலோ காட்டினால், வர்ணக் குப்பி பிடிக்க ஆள் மிஞ்சாது. புள்ளி வழங்கும்போது, ஆக்கத்தில் தான் எடுத்த ஒரு தீர்மானத்தையும் குழு கைவிட்ட தனது ஒரு யோசனையையும் ஒவ்வொருவரும் அரைப் பக்கத்தில் எழுதட்டும்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. ஒரு வரி எழுதும் பயிற்சியை இன்று செய்தேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவன், 'மத்தளம் திடீரென்று நின்றபோது பயமாக இருந்தது' என்று எழுதியிருந்தான். அவனுடைய குழு அந்த வரியையே எடுத்துக்கொண்டது. வடிவத்தை இன்னமும் தீர்மானிக்கவில்லை.