வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை: "முன் அனுபவம்" கேட்கிறார்கள், என்ன எழுதுவது?

தேவிபட்டினம் பொண்ணு:
பி.ஏ. ஆங்கிலம் 2022-ல் முடித்தேன். ஐந்து மாதமாகத் தாய்லாந்து, கொரியா என்று விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன், பதிலே இல்லை. முன் அனுபவம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறேன். பள்ளியில் வேலை பார்த்ததில்லை; இல்லம் தேடிக் கல்வியில் மட்டும் இரண்டு வருடம் சாயங்காலம் பாடம் எடுத்தேன். இப்போது ஒரு ஏஜெண்ட் 1,20,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். அப்பா வள்ளத்து என்ஜினை விற்றுவிடலாமா என்று கேட்கிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

கீழக்கரை காக்கா:
என்ஜினைத் தொட வேண்டாம் தங்கச்சி. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். உங்கள் ஏஜெண்டிடம் பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் ஈமைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். வேலை அனுமதி கைக்கு வராமல் தாய்லாந்தில் வகுப்பெடுப்பது சட்டவிரோதம். தாய்லாந்து வேலை என்று கூட்டிப்போய் மியான்மர் எல்லையில் மோசடிக் கும்பலிடம் விற்கப்பட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

தொண்டி அக்கா (இப்போது பாங்காக்):
காக்கா சொன்னதுதான் முதல் விஷயம். அப்புறம், கொரியாவை விட்டுவிடுங்கள். அங்கே ஆங்கில ஆசிரியர் விசா பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான். பதில் வராததற்குக் காரணம் உங்கள் திறமை இல்லை, பாஸ்போர்ட்.

தாய்லாந்துப் பள்ளிகள் டிகிரியோடு, ஆங்கிலம் தாய்மொழி இல்லாத நம்மைப் போன்றவர்களிடம் டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் தேர்வில் 600 மதிப்பெண் கேட்பது வழக்கம். அந்தத் தேர்வை முதலில் எழுதுங்கள். ஆங்கிலம் கற்பிப்பதற்கான டெஃப்ல் (TEFL) சான்றிதழ் 120 மணி நேரப் படிப்பாக இருக்கட்டும். கையில் காசு சேர்ந்தால் செல்டா (CELTA) என்ற ஆசிரியர் பயிற்சி நல்லது. அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வைத்து மதிப்பிடுவார்கள். போலீஸ் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

ஆனால் முன் அனுபவக் கட்டத்தை ஏன் காலியாக விட்டீர்கள்? எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

தேவிபட்டினம் பொண்ணு:
18 பேர், ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. வாரம் 6 மணி நேரம். சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். அதனால் அதை வேலை என்று நினைக்கவே இல்லை அக்கா.

தொண்டி அக்கா:
ஐந்து வகுப்புப் பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்கார வைத்து இரண்டு வருடம் சமாளித்திருக்கிறீர்கள். பயிற்சி முடித்து வருகிற பலர் அதைச் செய்ததில்லை. இப்போது சொன்ன எண்களை அப்படியே எழுதுங்கள், "தன்னார்வலர்" என்றே எழுதுங்கள், கூட்டிச் சொல்ல வேண்டாம். தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். கூடவே ஐந்து நிமிட வகுப்பு வீடியோ ஒன்று அனுப்புங்கள். எங்கள் பள்ளியில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?

தேவிபட்டினம் பொண்ணு:
எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு. வலைக்கயிற்றைக் கட்டி எழுத்தட்டைகளைத் தொங்கவிடுவேன். அப்பா கொண்டுவரும் கூடையில் நண்டு, இறால், சங்கு இருக்கும். ஒருவர் "ஹவ் மெனி க்ராப்ஸ்?" என்று கேட்க வேண்டும், அடுத்தவர் கூடையில் கைவிட்டு எண்ணிச் சொல்ல வேண்டும். நண்டுக்குப் பயந்து ஓடுகிறவன்கூட எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் ஓடுவான். இதையே எடுக்கலாமா?

தொண்டி அக்கா:
இதையேதான் எடுக்க வேண்டும். பெற்றோரிடம் அனுமதி கேட்டுவிட்டு, பிள்ளைகள் முகம் விழாமல் பின்னாலிருந்து எடுங்கள். கூடை நன்றாகத் தெரியட்டும்.

தேவிபட்டினம் பொண்ணு:
சரி அக்கா. என்ஜினை விற்கவில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். நாளைக் காலை தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறேன்.