மறு: கிரேவருக்குத் தமிழ்ச் சொல் – ‘தள்ளுளி’ சரிவருமா?

> செதுக்குளி என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். சேலத்தில் ஒரு தச்சாசாரியிடம் செதுக்குளி கேட்டால் கொட்டாப்புளியையும் (தட்டுகிற மரச் சுத்தியல்) சேர்த்தே நீட்டுவார். கிரேவர் என்பது உலோகத்தில் கோடு வெட்டும் சிறு கையுளி, அதற்குக் கொட்டாப்புளி வேண்டாம். குமிழ்ப் பிடி உள்ளங்கைக் குழியில் உட்கார்ந்திருக்கும், கட்டைவிரல் தகட்டில் ஊன்றியிருக்கும், கை தள்ளும். முனையின் முகத்தைச் சுமார் 45 பாகைச் சரிவில் தீட்டியிருப்போம். தள்ளத் தள்ளப் பித்தளை மெல்லிய சுருளாக எழும்பி உதிரும். பிடியைத் தூக்கினால் முனை புதைந்து நின்றுவிடும், தாழ்த்தினால் வழுக்கிக்கொண்டு ஓடும். வளைவு வந்தால் உளியை வளைப்பதில்லை. தோல் மணல்பையின்மேல் தகட்டைச் சுழற்றுகிறோம்.

இந்தச் செயலுக்கு என்ன பெயர் என்ற வழக்கையும் அந்தச் சுருள்தான் தீர்க்கிறது. அமிலத்தில் அரித்தாலும் பொறிப்பு, அச்சால் அழுத்தினாலும் பொறிப்பு என்றே எழுதிவருகிறோம். இரண்டிலும் சீவல் கிடையாது. பாத்திரக்கடை மெஷின் புள்ளி புள்ளியாகக் குத்துவதற்கும் ‘பேர் வெட்டுறது’ என்றுதான் பெயர். உளிக்காலத்துப் பேச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்வெட்டில் உள்ள வெட்டும் அதுவே. ஆகவே செயலுக்கு ‘வரிவெட்டு’. மரத்தில் படம் வெட்டுவதற்கு வெறும் ‘மரவெட்டு’ என்று போட்டால் வனத்துறை வந்து நிற்கும்!

> எழுத்தாணி இருக்கிறதே, அதைப் போல வெட்டாணி?

அழகாக இருக்கிறது. ஆனால் எழுத்தாணி ஓலையைக் கீறுவதோடு சரி, சீவல் எடுக்காது. செவ்வாப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் ஆணி என்றால் திருகாணியைத்தான் தேடுவார்கள்.

– செவ்வாப்பேட்டையிலிருந்து

* * *

அண்ணா, தள்ளுளிக்கு என் ஓட்டு. மரத்துக்கும் அதே சொல் போதும், தனிப்பெயர் தேவையில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் தாமஸ் பியூயிக் பாக்ஸ்வுட் என்னும் கெட்டி மரக் கட்டையைக் குறுக்கே அறுத்த முகத்தில், உலோகத்துக்கான இந்தக் கருவியை வைத்துத்தான் படம் வெட்டினார். நீளவாட்டுப் பலகையில் கத்தியால் வெட்டுவது வேறு வேலை, அதை இதில் கலக்க வேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கே ஏற்காட்டில் கைக்குக் கிடைக்கிறதே என்று சில்வர் ஓக்கை எடுக்கிறார்கள். அது நார் நாராகப் பிய்கிறது. கவாத்தில் கழித்த பழைய காபிக் கட்டையைக் காயவைத்துக் குறுக்கே அறுத்து, இழைத்து வழவழப்பாக்கினால் மயிரிழைக் கோடும் நிற்கும். கட்டை சின்னது, முத்திரை அளவுப் படம்தான் வரும். பழக அதுவே தாராளம். முனை தீட்டியது போதுமா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வையுங்கள்: வழுக்கினால் மறுபடி சாணைக்கல்தான்.

ஒரு சிக்கல். துப்பாக்கி, வாள்பிடி மாதிரிக் கெட்டி எஃகில் சிறு சுத்தியலால் தட்டியும் வெட்டுவார்களே, அதைத் தள்ளுளி என்று எப்படிச் சொல்வது?

– ஏற்காட்டிலிருந்து

* * *

அதற்குத் ‘தட்டுளி’. இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். வெட்டின ஓரத்தில் எழும்புவதற்குப் பட்டறைக்காரர்கள் பிசிறு என்கிறார்கள். அது அப்படியே இருக்கட்டும்.

– செவ்வாப்பேட்டையிலிருந்து