மரப்பொந்தில் சிமெண்ட் அடைக்கலாமா?

நிழல்தேடி:
வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில் நெஞ்சுயரத்தில் ஒரு பொந்து. எப்போதோ பெரிய கிளையை அடியோடு ஒட்ட வெட்டிய இடம் அது. பொந்தின் வாய் 30 செ.மீ. அகலம், அடிமரத்தின் சுற்றளவு 3 மீட்டர். கம்பியை விட்டால் 60 செ.மீ. போன பிறகுதான் கெட்டியாக முட்டுகிறது. கையை விட்டால் ஈரமான பழுப்புத் தூள் வருகிறது. மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது. அடைத்துவிடு என்கிறார் ஒருவர், வெட்டிவிடு என்கிறார் இன்னொருவர். எனக்கு வெட்ட மனமில்லை.

காணியாளன்:
உளுத்ததை எல்லாம் நல்ல கட்டை தெரியும் வரை சுரண்டி எடுங்கள். தார் பூசி, சிமெண்ட் கலவை அடையுங்கள். கீழே ஒரு துளை போட்டால் தண்ணீர் வடிந்துவிடும். என் அப்பா அப்படி அடைத்த மரம் 20 வருடமாக நிற்கிறது. சொத்தைப் பல்லை அடைக்கிறோம் இல்லையா, அதுபோலத்தான்.

கிளையேறி:
ஐயா, நான் மரம் ஏறிக் கவாத்து செய்பவன். பல் வளராது, காற்றில் ஆடாது. மரம் இரண்டையும் செய்யும். சிமெண்ட் வளையாது, அதனால் மரம் ஆடும்போதெல்லாம் உள்சுவரை உரசும். இடுக்கில் ஈரம் தங்கி, நீங்கள் தடுக்க நினைத்த அழுகலே அங்கு வளரும். நாளைக்கு அறுக்க வேண்டி வந்தால் ரம்பச் சங்கிலி தெறித்து ஆளைக் காயப்படுத்தும்.

சுரண்டுவது அதைவிடக் கெடுதல். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, 1977-இல் இதை விளக்கினார். நம் தோல் ஆறுவதுபோல மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் தடுப்பு எழுப்பி, அதை அங்கேயே அடைத்து வைக்கிறது. காயத்துக்குப் பிறகு வெளிப்புறம் வளரும் புதுக் கட்டையைக் காக்கும் தடுப்புதான் எல்லாவற்றிலும் உறுதியானது. உளியால் நல்ல கட்டை வரை போனால் அந்தத் தடுப்பையே உடைக்கிறீர்கள். வடிகால் துளையும் அதைத்தான் செய்யும். தண்ணீரில் ஊறிய கட்டையில் காற்று குறைவு, பூஞ்சை மெதுவாகத்தான் பரவும். துளை போட்டால் காற்றை உள்ளே விடுகிறோம்.

காணியாளன்:
அப்படியென்றால் அப்பாவின் மரம் எப்படி நிற்கிறது?

கிளையேறி:
வெளிச்சுவர் தடிமனாக இருப்பதால் நிற்கலாம். சிமெண்ட் இல்லாவிட்டாலும் நின்றிருக்கலாம். அதற்காக இப்போது பெயர்த்து எடுக்காதீர்கள் ஐயா, அதுவும் காயம்தான்.

முன்வாசல்:
நீங்கள் இருவரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், அதன் கீழே நிற்பவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் தெருவில் ஒரு மரம், காற்றே இல்லாத நாளில் சாய்ந்தது. இலை முழுக்கப் பச்சையாக இருந்தது. சற்று முன்புதான் பிள்ளைகள் அங்கே விளையாடினார்கள். 60 செ.மீ. பொந்தை வைத்துக்கொண்டு பொறுத்துப் பார் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வெட்டுங்கள்.

கிளையேறி:
இலையை நம்பக் கூடாது என்பது உண்மை அக்கா. நீரும் சத்தும் போவது பட்டையிலும் அதை ஒட்டிய இளங்கட்டையிலும். நடுவைரம், அதாவது நடுவில் இருக்கும் முற்றிய கட்டை, முழுக்கப் போனாலும் இலை பச்சையாகவே இருக்கும்.

ஆனால் பொந்து விழுந்தாலே பலம் போய்விடாது. 100 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் நடுவே 70 செ.மீ. காலியாக இருந்தால், கணக்குப்படி வளைவைத் தாங்கும் பலத்தில் 24 சதவீதம்தான் குறைகிறது. 90 செ.மீ. காலியானால் 66 சதவீதம் போய்விடும். பொந்தின் அளவைவிட மிச்சமுள்ள சுவரின் தடிமனைத்தான் பார்க்க வேண்டும். இவருடைய மரத்தின் விட்டம் ஏறக்குறைய 95 செ.மீ., அப்படியானால் எதிர்ப்பக்கம் 35 செ.மீ. வரை இருக்கலாம்.

முன்வாசல்:
உங்கள் கணக்கு சுற்றிலும் ஒரே தடிமன் உள்ள, வாய் திறக்காத குழாய்க்கு. இங்கே ஒரு பக்கம் திறந்திருக்கிறது. கம்பி ஒரு திசையைத்தான் சொன்னது, மற்ற பக்கங்கள்?

கிளையேறி:
நியாயமான கேள்வி, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நிழல்தேடி, ஒரு கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் 'டக்' என்று கேட்கும், மெலிந்த இடம் பறை மாதிரி அதிரும். வேரடியில் தட்டுத் தட்டாகக் காளான் இருக்கிறதா, வெடிப்பு ஓடுகிறதா, ஒரு பக்கம் மண் எழும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிழல்தேடி:
பார்த்துவிட்டேன். காளான் இல்லை, மண் எழும்பவில்லை. பொந்தின் இடப்பக்கம் இரண்டு சாண் அகலத்துக்கு அதிர்கிறது. அப்புறம், பொந்தின் கீழுதட்டிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு வெடிப்பு இறங்குகிறது.

கிளையேறி:
அந்த வெடிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இன்றே மரத்தடியில் உட்காருவதையும் வண்டி நிறுத்துவதையும் நிறுத்துங்கள். தண்டைச் சுற்றி உணரிகள் பொருத்தி, ஒலி கடக்கும் நேரத்தை அளக்கும் கருவி உண்டு. உளுத்த இடத்தில் ஒலி தாமதமாகும், அதை வைத்துச் சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்று வரைந்து தரும். அதைக் கையாளத் தெரிந்தவரை அழையுங்கள். சுவர் போதும் என்று வந்தால், நீண்ட கிளைகளின் நுனியைப் பக்கக் கிளை வரை குறைத்துக் காற்றுச் சுமையை இறக்கலாம். ஒரே தடவையில் இலைப்பரப்பில் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது, உச்சியை மொட்டையடிக்கவும் கூடாது. போதாது என்று வந்தால், அக்கா சொன்னதை நானே சொல்வேன்.

முன்வாசல்:
அளந்து பார்க்கும் வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். என் கருத்து மாறவில்லை, ஆனால் அளப்பதை நான் எதிர்க்க மாட்டேன்.

காணியாளன்:
வாயையாவது வலை போட்டு மூடலாமே?

கிளையேறி:
குப்பை போடுவதைத் தடுக்க என்றால் சரி ஐயா. ஆனால் முதலில் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள், ஆந்தை அடைந்திருக்கும்.

நிழல்தேடி:
விளக்கடித்தேன், கூடு எதுவும் இல்லை. பெஞ்சை மறுபக்கம் மாற்றி, கயிறு கட்டிவிட்டேன். இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்கி வைத்திருந்தேன், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அளக்க ஆள் வந்ததும் படத்தை இங்கே போடுகிறேன்.