இம்பிளாண்ட் மீது வைத்த தற்காலிகப் பல் அசைகிறது: அடுத்த வாரம் வரை காத்திருக்கலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். மேல்தாடையில் உடைந்துபோன முன்பல்லை எடுத்துவிட்டு, அன்றே இம்பிளாண்ட் (பல்வேருக்குப் பதிலாக எலும்புக்குள் இறக்கும் டைட்டானியத் திருகு) பொருத்தி, அதன்மேல் ஸ்க்ரூ கொண்டு ஒரு தற்காலிகக் கிரவுனையும் (பல் வடிவ உறை) மருத்துவர் வைத்தார். ஒரு மாதத்துக்கும் மேல் எந்தத் தொந்தரவும் இல்லை. இப்போது நாக்கு பட்டாலே அந்தப் பல் இலேசாக அசைகிறது. வலியோ வீக்கமோ இல்லை. ஈறின் ஓரம் மட்டும் சற்றுச் சிவந்திருக்கிறது. மருத்துவர் வெளியூரில் இருப்பதால் அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள். நான் ஆசிரியை; பல் இல்லாமல் வகுப்பெடுக்க நேருமோ என்ற கவலையும் இருக்கிறது. எலும்புக்குள் இருக்கும் இம்பிளாண்டே தளர்ந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன். என் அக்காவுக்குக் கீழ்க் கடைவாயில் இம்பிளாண்ட் வைத்தபோது மூடி மட்டுமே போட்டார்கள். எனக்கு ஏன் உடனே பல் வைத்தார்கள்?

பதில் (பல் மருத்துவர்):
வணக்கம் அம்மா. பெரும்பாலும் கிரவுனைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூதான் தளர்ந்திருக்கும். அதை மீண்டும் முடுக்கிவிடலாம். ஆனால் இம்பிளாண்டே அசைந்தாலும் வெளியே இதே போலத்தான் தெரியும் என்பதாலும், தொடக்கத்தில் அதற்கு வலி இருக்கவேண்டும் என்பதில்லை என்பதாலும், கிரவுனைக் கழற்றி இம்பிளாண்டைத் தனியே சோதித்து எக்ஸ்ரே எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அடுத்த வாரம் வரை காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். எலும்பு டைட்டானியத்தோடு பிணைந்துகொண்டிருக்கும் காலம் இது. இந்தக் கட்டத்தில் இம்பிளாண்ட் சுமார் 150 மைக்ரோமீட்டருக்கு மேல் தொடர்ந்து அசைந்தால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்து பிடிப்பு கெடக்கூடும். உங்கள் மருத்துவமனையில் இம்பிளாண்டின் நிறுவனப் பெயரையும் அளவையும் இன்றே கேட்டுப் பெற்று, அருகிலுள்ள வேறொரு இம்பிளாண்ட் மருத்துவரிடம் செல்லுங்கள். ஸ்க்ரூ திருகும் கருவி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் அந்த விவரம் இல்லாமல் அவரால் எதுவும் செய்ய இயலாமல் போகலாம். அதுவரை பல்லை நாக்கால் அசைத்துப் பார்க்காதீர்கள். கழன்று வந்துவிட்டால் கடைப் பசை கொண்டு ஒட்டாமல், ஒரு சிறு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தூக்கத்தில் அது தொண்டைக்குள் போகும் ஆபத்தும் உண்டு.

அக்காவின் நிலை வேறு. கடைவாய்ப் பல் மெல்லும் விசையை அதிகமாகத் தாங்குகிறது, வெளியே தெரிவதும் இல்லை. எனவே மூடி போட்டு ஆறவிடுவதே நல்லது. முன்பல்லில் தோற்றத்துக்காக மட்டுமன்றி, ஈறு சரிந்துவிடாமல் பல்லைச் சுற்றி இயல்பான வளைவோடு ஆறுவதற்காகவும் உடனே கிரவுன் வைக்கிறோம். பொதுவாக இம்பிளாண்ட் 35 நியூட்டன் சென்டிமீட்டர் (திருகும் விசையை அளக்கும் அலகு) அளவு இறுக்கத்தோடு எலும்பில் இறங்கினால்தான் அப்படிச் செய்வோம். எதிர்ப்பல் அதன்மேல் படாதவாறு தேய்த்தும் வைப்போம்.

பதில் (சிகிச்சை பெற்றவர்):
எனக்கும் இதே இடத்தில் தற்காலிகப் பல் தளர்ந்தது. வாயை மூடும்போது படவில்லை என்று பார்த்திருந்தார்கள். கீழ்த்தாடையை முன்னே நகர்த்தும்போது இடித்ததை யாரும் பார்க்கவில்லை. அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். பல்லைக் கழற்றியே வைக்க நேர்ந்தாலும் வகுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சகோதரி. மாட்டிக் கழற்றும் ஒற்றைப் பல் ஒன்றைச் செய்து தருவார்கள். அது ஈறை அழுத்தாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முறுக்கு, கொய்யா, கரும்பு எதையும் முன்பல்லால் கடிக்காதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. விவரங்களோடு வேறொரு மருத்துவரிடம் சென்றேன். இம்பிளாண்ட் உறுதியாக இருக்கிறது, ஸ்க்ரூதான் தளர்ந்தது என்றார். முன்னே நகர்த்தும்போது பட்ட இடத்தையும் தேய்த்துவிட்டார். நிரந்தரப் பல்லை இப்போதே வைத்துவிடலாமா?

பதில் (பல் மருத்துவர்):
வேண்டாம் அம்மா. மேல்தாடை எலும்பு கீழ்த்தாடையைவிட மென்மையானது. அறுவை நடந்த நாளிலிருந்து 4 முதல் 6 மாதங்கள் கொடுப்பது வழக்கம். அதற்குள் மறுபடியும் தளர்ந்தால், பழைய ஸ்க்ரூவையே முடுக்காமல் புதியது போடச் சொல்லுங்கள்.