50 அடிப் பெண் ஏன் கண்ணாடி போலத் தெரிகிறாள்? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். 1958இல் வந்த ‘அட்டாக் ஆஃப் தி 50 ஃபுட் வுமன்’ படத்தின் தந்திரக் காட்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

நாயகி நான்ஸியாக நடித்த ஆலிசன் ஹேய்ஸ் ராட்சத உருவில் ஊருக்குள் நடந்து வரும்போது, அவர் உடம்பின் ஊடாகவே பின்னணி தெரிகிறது. ஒரு காட்சியின் மேல் இன்னொன்றை அப்படியே பதித்திருக்கிறார்கள், உருவம் வரும் இடத்தில் பின்னணி பதியாமல் தடுக்கும் மறைப்பு வைக்கவில்லை என்று நினைக்கிறேன். சரிதானா? உருவம் அசைய அசைய மறைப்பும் கூடவே மாறும் ‘நகரும் மறைப்பு’ முறை அப்போதே இருந்ததே, அதற்கு எவ்வளவு கூடுதல் செலவும் நாளும் பிடித்திருக்கும்? பழைய ஃபிலிம் லேபில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் பெரிய கை. மதுக்கடைக் கூரையைப் பிய்த்துவிட்டுக் கணவனைத் தூக்குமே, அது. விரல்கள் விறைப்பாக, பொம்மைக் கை என்று பார்த்ததுமே தெரிகிறது. ஆனாலும் நான்ஸியின் கோபமும் துக்கமும் என்னை உலுக்கிவிட்டன. அந்தக் கையை எதில் செய்தார்கள்? படங்களோ பழைய பத்திரிகைக் குறிப்போ வைத்திருப்பவர்கள் இங்கேயே பதிவிடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.