காசு கொடுத்து வாங்கிய உண்ணிச்செடி

(கனகபுரா ரோடு)
போன வருஷம் பெங்களூரில் எங்கள் மாடித்தோட்டத்துக்கு நர்சரியிலிருந்து மஞ்சளும் ரோஸுமாகக் கொத்துக்கொத்தாகப் பூக்கும் செடி ஒன்று வாங்கி வந்தேன். தண்ணீர் அதிகம் வேண்டாம், வெயில் தாங்கும், பட்டாம்பூச்சி வரும் என்றார்கள், எல்லாமே உண்மைதான். சத்தியமங்கலத்திலிருந்து வந்த அம்மா ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, "இது உண்ணிச்செடிடா, இதையா காசு குடுத்து வாங்கினே?" என்றார்.

அப்புறம்தான் உட்கார்ந்து கவனித்தேன். தண்டு உருண்டையாக இல்லை, நாலு பட்டை, ஓரத்தில் கீழ்நோக்கி வளைந்த குட்டி முள். இலை சொரசொரப்பு. கொத்தின் நடுவில் இருப்பது இளம்பூ, மஞ்சள். ஓரத்துப் பூ முதிர்ந்து ரோஸாகிவிடுகிறது. காய் பச்சை, பழுத்தால் கறுப்பு. அந்தப் பழத்தைக் கொண்டைக்குருவி தின்று போகிற இடமெல்லாம் விதையைப் போடும், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே துரஹள்ளிக் காடு, அதுதான் உறுத்தியது.

அமெரிக்கக் கண்டத்துச் செடி இது, வெள்ளைக்காரன் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்தது. பந்திப்பூர் ரோட்டில் போகும்போது பாருங்கள், சுவர் மாதிரி நிற்கும். அடியில் வெளிச்சம் விழாது, புல் முளைக்காது, மான் எதைத் தின்னும்? நம் நாட்டில் புலி வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல் இது பரவிவிட்டதாக 2020ல் ஓர் ஆய்வு வந்தது. படித்த அன்றே அடியோடு வெட்டினேன். மூன்று வாரத்தில் மறுபடி துளிர்.

(எச்.எஸ்.ஆர் லேஅவுட்)
அண்ணா, தரையோடு வெட்டினால் போகாது. வேரும் தண்டும் சேருகிற கழுத்திலிருந்துதான் துளிர்க்கும், மண்ணுக்குக் கீழே அந்த இடத்தில் வெட்டி, எடுத்ததைத் தலைகீழாகக் காயப் போடுங்கள். ஓசூர் பக்கம் மாமனார் வீட்டுப் பசு ஒரு கோடையில் புல் இல்லாமல் இதை மேய்ந்துவிட்டது. கண் மஞ்சளாகி, மூக்கு வெடித்து, வெயிலில் நிற்கவே முடியாமல் நிழல் தேடி ஒண்டிக்கொண்டது. கல்லீரலில் விஷம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். பிழைக்கவில்லை.

(ராஜாஜிநகர்)
மாதேஸ்வரன் மலையில் சோலிகர் பழங்குடியினர் இதே செடியின் குச்சியை வேகவைத்துப் பட்டை உரித்து நாற்காலி முடைகிறார்கள், எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, நல்ல உறுதி.

(கனகபுரா ரோடு)
நன்றி தங்கச்சி. கழுத்தோடு எடுத்துவிட்டேன், அந்தத் தொட்டியில் இப்போது இட்லிப்பூ. நேற்று கீழே சாக்கடைக் கல் இடுக்கில் விரல் உயரத்துக்கு இரண்டு நாற்று, தொட்டதும் அதே சொரசொரப்பு. பிடுங்கிவிட்டேன்.