பெரியப்பாவின் ஸ்டூடியோ நெகட்டிவ்கள்: ஸ்கேனர் வாங்கும் முன் ஒரு சந்தேகம்

கீழ்வேளூரான்
வணக்கம். பெரியப்பா நாகப்பட்டினம் பக்கம் ஒரு சின்ன ஊரில் 1964 முதல் 1998 வரை ஸ்டூடியோ நடத்தினார். கட்டடத்தை இடிக்கப் போவதால் சாமான் எல்லாம் என் வீட்டு மாடிக்கு வந்துவிட்டது. இரண்டு டிரங்குப் பெட்டி, நாலு அட்டைப்பெட்டி. எல்லாம் கருப்பு வெள்ளை நெகட்டிவ். பெரும்பாலும் 120 (ஆறு செ.மீ. அகல ரோல் பிலிம்), கொஞ்சம் அதைவிடப் பெரிய குவார்ட்டர் பிளேட். குத்துமதிப்பாகப் பத்தாயிரம் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ, 1977 நவம்பர் புயலுக்கு மறுநாள் தெருவில் கிடந்த கூரைகள் வரை இருக்கிறது.

ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் காடி வாடை மூக்கைத் துளைக்கிறது. சிலதில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. மாதிரிக்கு நாலு நெகட்டிவை ஒரு லேபில் கொடுத்தேன். ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். ஒன்றில் மணப்பெண்ணின் முகமே போய்விட்டது, மாலை மட்டும் பத்திரமாக இருக்கிறது. பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்சன் வி600 வாங்கி நானே ஸ்கேன் செய்யலாமா?

இருட்டறை
தம்பி, முதலில் துடைப்பதை நிறுத்துங்கள். படம் நிற்பது பிலிம் மேல் பூசியிருக்கும் ஜெலட்டினில். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரைந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். போதாததற்கு அந்தக் காலத்தில் முகத்தில் பென்சிலால் டச்சிங் செய்வோம். நெகட்டிவைச் சாய்த்துப் பாருங்கள், கன்னத்தில் சின்னச் சின்னக் கோடு மினுங்கும். அது அழுக்கு இல்லை, பெரியப்பாவின் கைவேலை. மென்மையான பிரஷ், காற்றடிக்கும் ரப்பர் குமிழ், இரண்டும் போதும். ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதைப் பிய்க்காதீர்கள்.

அட்டைப்பெட்டி
காடி வாடை அசிட்டேட் பிலிம் சிதைவதால் வருவது. அசிட்டிக் அமிலம் கிளம்பும், அந்த ஆவியே பக்கத்து பிலிமையும் கெடுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வாடை வருவதைத் தனி அறைக்கு மாற்றுங்கள், முதலில் ஸ்கேன் ஆக வேண்டியதும் அதுதான். பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டுக் காகித உறையில் போடுங்கள். பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். ஓட்டு வீட்டு மாடி என்றால் வெயில் காலத்துக்குள் கீழே இறக்கிவிடுங்கள்.

பிக்சல் பித்தன்
வி600 120-க்குச் சரி. குவார்ட்டர் பிளேட் 8.3 × 10.8 செ.மீ.; வி600 மூடியில் உள்ள விளக்குப் பட்டை அவ்வளவு அகலம் இல்லை. கையில் கேமராவும் மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸும் இருந்தால் நல்ல எல்இடி பலகை மேல் வைத்துப் படம் எடுப்பதே வேகம். மங்கலான பக்கம் (எமல்ஷன்) லென்ஸைப் பார்த்தபடி வைத்தால் படம் இடவலம் மாறி வரும், கணினியில் திருப்பிக்கொள்ளுங்கள். படத்தில் பின்னால் ஒரு கடைப் பெயர்ப்பலகை தெரிந்தால் சரிபார்க்க வசதி.

ஸ்கேனரில் தூசி நீக்கும் இன்ஃப்ராரெட் வசதியை அணைத்துவிடுங்கள். கருப்பு வெள்ளை பிலிமில் உள்ள வெள்ளி அந்தக் கதிரையும் மறிக்கும், படம் பாழாகும்.

கணக்கு: 6×6 செ.மீ. நெகட்டிவ் 2400 பிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 பிக்சல்) ஏறத்தாழ 5300 × 5300 பிக்சல். 16 பிட் கிரே டிஃப் கோப்பு என்றால் ஒன்று சுமார் 56 எம்பி. பத்தாயிரத்துக்கு 560 ஜிபி. தலா 2 டிபி என்று இரண்டு டிஸ்க், ஒன்று வேறு ஊர்ச் சொந்தக்காரர் வீட்டில். ஆனால் பத்தாயிரத்தையும் அப்படி எடுக்கத் தேவையில்லை. உறை உறையாக லைட் பலகையில் பரப்பி போனிலேயே ஒரு படம், உறை மேல் உள்ள எண்ணும் தெரியும்படி. அப்புறம் பொறுக்கி எடுக்கலாம்.

தாள்பூச்சி
பெரியப்பா இருக்கிறார் அல்லவா? ஸ்கேனர் அடுத்த வருஷமும் கிடைக்கும். அவரை உட்கார வைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். பில் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். கோப்புப் பெயரில் உறை எண்ணை மட்டும் வையுங்கள். ஆள், இடம், யார் சொன்னது, உறுதியா ஊகமா என்பதெல்லாம் தனி அட்டவணையில்.

இன்னொன்று. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். சடங்குப் படம், சாவுப் படம் எல்லாம் குடும்பத்தைக் கேட்காமல் பேஸ்புக்கில் போடாதீர்கள். பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு ஏற்கெனவே தொகுத்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

கீழ்வேளூரான்
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வாடைப் பெட்டி கீழே தனி அறைக்குப் போயிற்று, அதில் உள்ள 640 நெகட்டிவும் கேமராவில் எடுத்தாயிற்று.

ஒரு வேடிக்கை. லேப்டாப்பில் பாசிட்டிவாக மாற்றிக் காட்டினால் பெரியப்பா திணறுகிறார். நெகட்டிவையே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், "இது மளிகைக்கடைக்காரர் ரெண்டாவது மவ" என்று உடனே சொல்கிறார். அதனால் இப்போது ஜன்னல் ஓரம் நாற்காலி, மடியில் வெள்ளைத் துண்டு, பக்கத்தில் போன் ரெக்கார்டர். காலையில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் அவருக்குக் கண் வலிக்கிறது.

பில் புத்தகம் 1971-க்கு அப்புறம்தான் இருக்கிறது, முந்தையது கரையானுக்குப் போயிற்று. அந்த மணப்பெண் உறையின் எண் 1974 புத்தகத்தில் கிடைத்தது. முழு சைஸ் இரண்டு காப்பி, முன்பணம் பத்து ரூபாய். முகம் போனதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு காப்பி போட்டேனே, ஒண்ணாவது செவுத்துல இருக்கும், போய்ப் பாரு" என்றார்.

அந்த வீட்டு முகவரி கிடைத்துவிட்டது. சுவரில் மாட்டிய படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்காமல் எப்படி எடுப்பது?

இருட்டறை
பிரிக்கவே பிரிக்காதீர்கள், பல படங்கள் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். பிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், கேமராவுக்குப் பின்னால் ஒரு கருப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள், பிம்பம் விழாது. பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.